கிளச்சின் ஓசையும் காரணமறியும் பழக்கமும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றில் கிளச்சுப் பகுதியிலிருந்து ஓசை எழுகிறது. வண்டி பட்டறைக்குச் செல்கிறது. அங்குள்ளவர் ஓசையைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "கிளச்சு போய்விட்டது" என்று கூறி, கியர்பெட்டியை இறக்கிப் புதிய தகட்டைப் பொருத்திவிடுகிறார். ஒரு நாள் வேலை முடிகிறது, பணமும் செலவாகிறது. வண்டி வெளியே வந்து எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே ஓசை மீண்டும் கேட்கிறது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் மோட்டார் வைத்திருப்போர் நன்கறிந்த நிகழ்ச்சி இது. இதில் குற்றம் தொழிலாளியின் கைத்திறனில் இல்லை. அவர் தகட்டைச் சரியாகவே பொருத்தியிருக்கலாம். கழற்றுவதற்கு முன்னர் காரணத்தைத் தேடாமையே இங்கு குற்றமாகும்.

கிளச்சின் ஓசை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுவது. மணி வடிவ உறைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பாராமல் காணவியலாது, திறப்பதோ பெருவேலை. ஆயினும் பெடலைத் தவிர வேறெந்தக் கருவியுமின்றி, கால் மணி நேரத்தில், ஓசை எப்பாகத்திலிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். இந்தச் சிறு ஆராய்ச்சியை ஒவ்வொரு பட்டறையிலும் கட்டாயப் பழக்கமாக்குவது அவசியம். அதனை இயந்திரத் தொழில் கற்பிக்கும் வகுப்புகளில், கழற்றிப் பூட்டும் பயிற்சிக்கு முந்திய பாடமாக வைப்பது அதனினும் அவசியம்.

பழைய வண்டிகள் மறைந்துவிட்டனவா?

பழைய வண்டிகளைப் பற்றி இனிப் பேசுவது வீண் என்று சிலர் கருதலாம். உத்தர்பாராவில் அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பதினைந்து ஆண்டு கடந்த அரசாங்க வண்டிகளின் பதிவு 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதுப்பிக்கப்படுவதில்லை. ஆனால் தனியாரிடம் பழைய மோட்டார்கள் இன்னமும் ஓடுகின்றன. தொழிற் பயிற்சி நிலையங்களின் கொட்டகைகளிலும் பழைய எஞ்சின்களும் கியர்பெட்டிகளும் பாடப் பொருள்களாக நிற்கின்றன. அன்றியும், கால்மிதியுடன் கூடிய கிளச்சின் அடிப்படைத் தத்துவம் அன்றும் இன்றும் ஒன்றே. பழைய வண்டியில் கற்ற காது புதிய வண்டியிலும் பயன்படும்.

கிளச்சின் அமைப்பு

ஓசையின் காரணத்தை அறிய, எந்தப் பாகம் எப்பொழுது சுழல்கிறது, எப்பொழுது நிற்கிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். எஞ்சினின் கிராங்குத் தண்டின் பின்முனையில் பிளைவீல் எனப்படும் பளுச்சக்கரம் பூட்டப்பட்டிருக்கிறது. அதனோடு சேர்ந்து பிரஷர் பிளேட் எனப்படும் அழுத்தத் தகடும் சுழல்கிறது. இவ்விரண்டிற்குமிடையே உராய்வுப் பட்டை ஒட்டிய கிளச்சுத் தகடு இருக்கிறது. இத்தகட்டின் நடுப்பகுதி கியர்பெட்டியின் முன்தண்டின்மேல் நீளவாட்டில் வெட்டப்பட்ட பள்ளங்களில் செருகப்பட்டுள்ளது. வில்களின் அழுத்தத்தால் மூன்றும் ஒன்றாக இறுகியிருக்கும்பொழுது எஞ்சினின் சுழற்சி முன்தண்டுக்குச் செல்கிறது.

பெடலை அழுத்தினால் ஒரு கவை முன்னே நகர்ந்து, ரிலீஸ் பேரிங் எனப்படும் விடுவிப்புத் தாங்கியைச் சுழலும் நெம்புகோல்களின்மீது அழுத்துகிறது. அழுத்தத் தகடு பின்வாங்குகிறது. கிளச்சுத் தகடு விடுபடுகிறது. பின்சக்கரங்களால் இயங்கும் பழைய மோட்டார்களில் முன்தண்டின் நுனி, கிராங்குத் தண்டின் பின்முனையிலுள்ள ஒரு சிறு புஷ்ஷிலோ தாங்கியிலோ தங்கியிருக்கும். முன்சக்கரங்களால் இயங்கும் மோட்டார்கள் பலவற்றில் இந்தப் புஷ் இல்லை.

ஆகவே ஓசைக்கு இடமான முக்கியத் தாங்கிகள் மூன்று: விடுவிப்புத் தாங்கி, முன்தண்டு நுனியின் புஷ், கியர்பெட்டிக்குள் முன்தண்டைத் தாங்கும் தாங்கி. மூன்றும் வெவ்வேறு நிலைகளில் வேலை செய்கின்றன. எந்த நிலையில் ஓசை தோன்றுகிறது, எந்த நிலையில் மறைகிறது என்பதைக் கொண்டே குற்றவாளியைப் பிரித்தறியலாம்.

பெடலால் செய்யும் பரிசோதனை

வண்டியைச் சமதரையில், திறந்தவெளியில் நிறுத்தவேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாத நஞ்சு. கைபிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தபின்னரே பரிசோதனையைத் தொடங்கவேண்டும்.

முதலில் எஞ்சினை ஓட்டாமலே பெடலைப் பலமுறை அழுத்தி விடவேண்டும். 'கிறீச்' என்ற ஓசை இந்நிலையிலேயே கேட்டால் சுழலும் பாகங்களுக்கு அதில் பங்கில்லை. பெடலின் ஊசி, இணைப்புக் கம்பிகளின் மூட்டுகள், கவையின் ஆதாரம் ஆகியவற்றில் ஒன்று உலர்ந்திருக்கிறது. வெளியிலுள்ள மூட்டாயின் சிறிது கிரீஸே போதுமானது. மிகச் சுலபமான இந்தச் சோதனையே மிக அதிகமாக மறக்கப்படுகிறது என்பது வருந்தத்தக்கது.

இரண்டாவதாக, கியரை நியூட்ரலில் வைத்து, பெடலிலிருந்து காலை முற்றிலும் எடுத்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிடவேண்டும். இப்பொழுது முன்தண்டும், அதனுடன் எப்பொழுதும் கவ்வியிருக்கும் கியர்பெட்டிப் பற்சக்கரங்களும் சுழல்கின்றன. இந்நிலையில் உறுமலோ உராய்வோசையோ கேட்டால் அதனை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லவேண்டும்.

மூன்றாவதாக, பெடலின் தளர்விடம் தீர்ந்து, எதிர்ப்பு உணரப்படும் அளவுக்கு மட்டும் மெல்ல அழுத்தவேண்டும். கிளச்சு இன்னும் விடுபடவில்லை. ஆனால் விடுவிப்புத் தாங்கி நெம்புகோல்களைத் தொட்டுவிட்டது. இதுவரை அமைதியாயிருந்த வண்டியில் இக்கணத்தில் சீறலோ கீச்சொலியோ தொடங்கி, மேலும் அழுத்த அழுத்த மிகுந்தால், குற்றம் விடுவிப்புத் தாங்கியிலேயே இருக்கிறது. இதற்கு மாறாக, முன்பு கேட்ட சடசடப்பு இந்த மெல்லிய தொடுகையாலேயே அடங்கிவிட்டால், கவையோ தாங்கியைப் பிடித்திருக்கும் கிளிப்போ தளர்ந்து ஆடுகிறது என்று கொள்ளலாம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சில கிளச்சுகளில் தளர்விடம் கிடையாது. தாங்கி எப்பொழுதும் தொட்டபடியே இருக்கும். அவற்றில் ஓசை தொடங்குவதைக் காட்டிலும், அழுத்தம் கூடும்பொழுது அது மாறுவதையே கவனிக்கவேண்டும்.

நான்காவதாக, பெடலை முழுவதும் அழுத்தவேண்டும். கிளச்சு விடுபட்டு முன்தண்டு நின்றுவிடுகிறது. இரண்டாம் படியில் கேட்ட உறுமல், மெல்லிய தொடுகையால் மாறாமல் இருந்து, இப்பொழுது மறைந்துவிட்டால், அது கிளச்சின் ஓசையன்று. கியர்பெட்டிக்குள் இருக்கும் தாங்கியின் ஓசை. கிளச்சுத் தகட்டை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய வீண் செலவு பெரும்பாலும் இதனால் நேர்வதேயாகும்.

இதற்கு எதிர்மாறாக, பெடல் தரையை நெருங்கும்பொழுது மட்டும் ஒரு கூரிய கீச்சொலி எழுமானால், முன்தண்டு நுனியின் புஷ்ஷைச் சந்தேகிக்கவேண்டும். பெடல் மேலே இருக்கும்பொழுது கிராங்குத் தண்டும் முன்தண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் புஷ்ஷில் உராய்வு இல்லை. கிளச்சு விடுபட்டு, ஒன்று சுழல மற்றொன்று நிற்கும்பொழுதுதான் அதற்கு வேலை ஏற்படுகிறது. பெடலை அழுத்தியபடியே முதல் கியரில் போட்டு, வண்டியை அசையாமல் நிறுத்தி வைத்தால் முன்தண்டு முழுவதும் அசைவற்றிருக்கும். ஓசையும் தெளிவாகக் கேட்கும். இச்சோதனையின்போது வண்டிக்கு முன்னால் எவரும் நிற்கலாகாது.

கடைசியாக, வண்டி புறப்படும் கணத்தைக் கவனிக்கவேண்டும். பெடலை விடும்பொழுது வண்டி முழுவதும் அதிர்ந்தால், உராய்வுப் பட்டையில் எண்ணெய் பட்டிருத்தல், தகடு வளைந்திருத்தல், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்திருத்தல் ஆகியவை காரணமாகலாம். ரப்பர்களை வெளியிலிருந்தே பார்க்கலாமாகையால் அவற்றை முதலில் பார்க்கவேண்டும். தகட்டின் நடுவிலுள்ள சிறு வில்கள் உடைந்திருந்தால் சடசடப்பு கேட்கும். 'டொக்' என்று ஒரே ஓர் அடி மட்டும் கேட்டால், புரொப்பெல்லர் தண்டின் கிராஸ் இணைப்புகளையோ பின் அச்சையோ ஆராய்வது நலம்.

இந்தப் படிகளில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிலை மட்டும் மாற்றப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மாற்றி விளைவைப் பார்ப்பது விஞ்ஞானச் சோதனையின் உயிர்நாடி. ஆய்வுக்கூடச் சாதனங்கள் இல்லாத பள்ளியிலும், ஒரு பழைய மோட்டாரைக் கொண்டு இப்பாடத்தை மாணவர்களுக்கு உணர்த்தலாம். கரும்பலகையில் பெடலின் நிலைகளை ஒரு வரிசையிலும், சுழலும் பாகங்களை மற்றொரு வரிசையிலும் எழுதி, ஒவ்வொரு நிலையிலும் எது சுழல்கிறது, எது நிற்கிறது என்று மாணவர்களையே நிரப்பச் செய்யவேண்டும். அட்டவணை நிறைந்தபின் ஓசைக்கான விடையை அவர்களே கூறிவிடுவார்கள்.

பழைய பிரிட்டிஷ் அமைப்பின் ஒரு தன்மை

1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பி வரிசை எஞ்சின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு போன்ற பிரிட்டிஷ் மோட்டார்களில் பயன்பட்டது. அம்பாசிடரும் அதனையே நெடுங்காலம் பெற்றிருந்தது. இவ்வகைப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் விடுவிப்புத் தாங்கி பந்துகளால் ஆனதன்று. இரும்புக் கிண்ணத்தில் பதித்த ஒரு கரி வளையம். கரி தானே வழுக்குந் தன்மையுடையதாதலால் அதற்குக் கிரீஸ் தேவையில்லை. ஆனால் தொடும்போதெல்லாம் அது தேய்கிறது. வளையம் முற்றும் தேய்ந்து கிண்ணத்தின் இரும்பு எதிர்ப்பகுதியைத் தொட்டால் கடூரமான அரைப்போசை எழும். அதற்குப் பின்னும் ஓட்டினால் மலிவான ஒரு வளையத்தோடு போகவேண்டிய நஷ்டம் அழுத்தத் தகடு வரை செல்லும்.

கரி வளையத்தின் ஆயுள் டிரைவரின் இடது காலில் இருக்கிறது எனலாம். பெடலின்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதும், போக்குவரத்து நிற்குமிடங்களில் நியூட்ரலுக்கு மாற்றாமல் பெடலை மிதித்தபடியே காத்திருப்பதும் அதனை விரைவில் அழிக்கின்றன. பந்துத் தாங்கியும் இக்கொடுமையிலிருந்து தப்புவதில்லை. சற்றுப் பிந்தி அழிகிறது, அவ்வளவே. தளர்விடம் இன்றிப் பெடலைத் திருகி வைப்பதும் காலை அதன்மேல் வைப்பதற்கு ஒப்பானது. தளர்விடத்தின் அளவு வண்டிக்கு வண்டி மாறுமாதலால் அவ்வண்டியின் கையேட்டைப் பார்த்தே அதனை அமைக்கவேண்டும்.

கழற்றும்போது கவனிக்கவேண்டியவை

காரணம் உள்ளே இருப்பது உறுதியான பின்னரே கியர்பெட்டியை இறக்கவேண்டும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது உயிருக்கு ஆபத்து; உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்துவது இன்றியமையாதது. புரொப்பெல்லர் தண்டைக் கழற்றுமுன் அதன் முகப்பிலும் எதிர்முகப்பிலும் அடையாளக் கோடு இட்டால் அதே நிலையில் மீண்டும் பூட்டலாம். கியர்பெட்டியைப் பின்னுக்கு இழுக்கும்பொழுது அதன் பளு முன்தண்டின்மேல் தொங்கலாகாது. தொங்கினால் கிளச்சுத் தகட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

அழுத்தத் தகட்டின் போல்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக முழுவதும் கழற்றுவது தவறு. எதிரெதிரானவற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்திவரவேண்டும், பூட்டும்போதும் இம்முறையே. உராய்வுப் பட்டை ரிவெட்டுத் தலைகளை நெருங்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் தகட்டை மாற்றவேண்டும். பட்டையில் எண்ணெய் ஊறியிருந்தால் அதனைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பொருத்துவது பயனற்றது; சூடேறியவுடன் உள்ளே ஊறிய எண்ணெய் வெளிவரும். அந்த எண்ணெய் எஞ்சினின் பின்முனையிலிருந்து வந்ததா, கியர்பெட்டியின் முன்முனையிலிருந்து வந்ததா என்று கண்டு அடைக்காவிடில் புதிய தகடும் அதே கதியை அடையும்.

புதிய வெண்கலப் புஷ் நுண்துளைகளுள்ள வகையாயின், அதனை எஞ்சின் எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்துப் பொருத்துவது நல்லது. மூடப்பட்ட பந்துத் தாங்கியைப் பெட்ரோலில் கழுவக்கூடாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். கிளச்சுத் தகட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பொருத்தவேண்டும் என்பதைப் பழையதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளவேண்டும். தகட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய முன்தண்டோ, அதே அளவுக்குக் கடைந்த மரத்தண்டோ போதும். முன்தண்டின் பள்ளங்களில் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவுவதற்கு மேல் தடவினால், அது சிதறிப் பட்டையைக் கெடுக்கும்.

தூசியில் இருக்கும் ஆபத்து

இவ்வேலையில் ஓசையைக் காட்டிலும் கவலைக்குரிய பொருள் ஒன்று உண்டு. பழைய கிளச்சுப் பட்டைகள் பலவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கிறது. மணி வடிவ உறைக்குள் படிந்திருக்கும் கரிய தூசி தேய்ந்துபோன அப்பட்டையின் தூளேயாகும். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. அதன் இழைகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுவதால், இன்று வேலை செய்பவர் தமக்கு ஒன்றும் நேரவில்லையே என்று எண்ணி ஏமாறுகிறார்.

ஆகவே உறைக்குள் இருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதும், உலர்ந்த தூரிகையால் தட்டுவதும் கூடவே கூடாது. தண்ணீரால் நன்கு நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் பழைய தகட்டையும் உறையில் கட்டி அகற்றவேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இவ்விழைகளைத் தடுக்காது. நுண்தூசிக்கென அமைந்த முகமூடி தேவை. பட்டையில் கல்நார் இருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாதாகையால், பழைய பட்டை ஒவ்வொன்றையும் கல்நார் உள்ளதாகவே கருதி நடப்பது அறிவுடைமை. பயிற்சிக் கூடங்களில் மாணவர்கள் சூழ நிற்க, ஆசிரியர் ஒருவர் காற்றுக் குழாயை எடுத்தால், அன்று கற்பிக்கப்படுவது பிழையான பாடம் மட்டுமன்று; தீங்கான பாடமுமாகும்.

மறுப்பும் அதற்கு விடையும்

அனுபவமுள்ள தொழிலாளர் சிலர் இவ்வாராய்ச்சியை அநாவசியம் என்பர். கூலியே பெரும் செலவு. ஒருமுறை இறக்கியபின் தகடு, அழுத்தத் தகடு, தாங்கி மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. கியர்பெட்டியை இறக்கியபின் விடுவிப்புத் தாங்கியையும் நுனிப் புஷ்ஷையும், அவை நல்ல நிலையில் இருப்பினும், மாற்றிவிடுவதே முறை. அச்சிறு பாகங்களின் விலையைக் காட்டிலும் மறுமுறை இறக்கும் உழைப்பு பன்மடங்கு பெரிது.

ஆனால் இவ்வாதம் இறக்கிய பின்னர்ச் செய்யவேண்டியதைப் பற்றியதே தவிர, இறக்கவேண்டுமா என்பதைப் பற்றியதன்று. பெடலின் மூட்டு உலர்ந்த வண்டியை இறக்கத் தேவையே இல்லை. எஞ்சின் ரப்பர் நைந்த வண்டியிலும் கியர்பெட்டியைத் தொடவேண்டியதில்லை. கியர்பெட்டிக்குள் தாங்கி கெட்ட வண்டியில் மூன்று பாகங்களையும் மாற்றிப் பூட்டினால் ஓசை அப்படியே நிற்கும். கியர்பெட்டி கையில் இருந்தபோதே அதனைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டாம் முறை இறக்கும் வேலை மிஞ்சியிருக்கும். காரணம் அறிந்தவருக்கே சேர்த்து மாற்றுவதும் சிக்கனமாகும்.

வண்டி எழுப்பும் ஓசையை முதலில் கேட்பவர் டிரைவர். ஆகவே 'கிளச்சில் சத்தம்' என்று மட்டும் பட்டறைச் சீட்டில் எழுதும் வழக்கத்தை விட்டு, எஞ்சின் நிற்கும்போதா ஓடும்போதா, பெடல் மேலிருக்கும்போதா, தொட்டவுடனா, முழுவதும் அழுத்தியபோதா, புறப்படும்போதா என்று அவர் குறித்துத் தருவது பெரும் உதவியாகும். களத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு வண்டி ஒரு நாள் நிற்பது, ஒரு கிராமத்தின் விதைப் பரிசோதனையோ குழந்தைகளின் தடுப்பூசியோ ஒரு நாள் தள்ளிப்போவதாகும். அந்த ஒரு நாளைக் காக்க, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் பெடலை ஐந்து நிலைகளில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டால் போதும். பட்டறையின் சுவரில் அந்த ஐந்து நிலைகளையும் எழுதி மாட்டிவைக்க ஓர் அட்டையும் சிறிது மையுமே செலவு.